‘புஸ்ஸ்ஸ்’ சத்தத்துக்கு 50,000 ரூபாயா? ஈ.சி.ஆர் கார்களுக்கு ஏர் இன்டேக் வாங்கும் முன் இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஈ.சி.ஆர் பக்கம் போயிருக்கீங்களா? உத்தண்டி டோல்கேட் தாண்டினதுமே தெரியும். தாழ்வான கார்கள், அகலமான டயர்கள், ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்கும்போதெல்லாம் ‘புஸ்ஸ்ஸ்’ என ஒரு பெருமூச்சு. மாமல்லபுரத்தில் டிபன், அங்கிருந்து கல்பாக்கம் ரோட்டில் இன்னும் கொஞ்சம் தெற்கே போய் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை முன்னாடி காரை நிறுத்தி ஒரு ரீல்ஸ். அந்த ரீல்ஸ் கமென்ட்டில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: “ப்ரோ, என்ன இன்டேக் போட்டிருக்கீங்க?”

கார் மாடிஃபிகேஷனில் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைக்கும் இடம் ஏர் இன்டேக்தான். காரணம் சிம்பிள். இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், பானெட்டைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ரெண்டு மணி நேர வேலை. பெட்டியின் மேல் ‘கூடுதல் பவர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால், நீங்கள் வாங்கப்போகும் அந்தக் குழாய் எங்கேயோ வெயில் குறைந்த, தூசி குறைந்த, ரோட்டில் வெள்ளம் நிற்காத ஊரை மனதில் வைத்துச் செய்யப்பட்டதாக இருக்கலாம். நாம் ஓட்டப்போவது செங்கல்பட்டு மாவட்டத்தில். இங்கே காற்றே வேற.

நம்ம மாவட்டத்துக்கும் வேகமான கார்களுக்கும் நெருக்கமான சம்பந்தம் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பி.எம்.டபிள்யூ-வின் இந்தியத் தொழிற்சாலை செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் 2007-ல் இருந்து இயங்குகிறது. 387 ஹெச்.பி பவரும் 500 நியூட்டன் மீட்டர் டார்க்கும் கொண்ட எம்340ஐ, 2021 மார்ச்சில் விற்பனைக்கு வந்தபோது அது இங்கே அசெம்பிள் ஆன கார். மறைமலை நகரில் ஃபோர்டு இருந்தவரைக்கும் எக்கோஸ்போர்ட் ஜி.எஸ்.டி ரோட்டில்தான் பிறந்தது. பக்கத்து மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் ஐ20 என் லைன் தயாராகிறது. ஆக, இந்த கார்களின் ஏர் பாக்ஸை டிசைன் செய்தவர்கள் நம்ம வெயில், மழை, தூசியைக் கணக்கில் வைத்தே டெஸ்ட் செய்திருப்பார்கள். அதைக் கழற்றுவதற்கு முன்னால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நொடிக்கு அஞ்சு வாட்டர் கேன்

முதலில் இன்ஜின் எவ்வளவு காற்று குடிக்கும் என்று பார்ப்போம். 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக்க மூச்சு இழுக்கும். 6,000 ஆர்.பி.எம்-ல் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 6,000 லிட்டர், நொடிக்கு 100 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் வாட்டர் கேன் ஐந்தை ஒரே நொடியில் காலி செய்வதுபோல. டர்போ இருந்தால் இன்னும் அதிகம்.

இந்தக் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன்தான் பெட்ரோலை எரிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இங்கே கவனிங்க, லிட்டர் கணக்கு இல்லை, கிலோ கணக்கு. அதே 100 லிட்டரில் காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ, அவ்வளவு பெட்ரோல் எரிக்கலாம், அவ்வளவு பவர். ஊட்டி ஏறும்போது உங்கள் கார் சோம்பல் முறிப்பதும் இதனால்தான். 2,200 மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இன்டேக் விற்பவர்கள் சொல்லும் வாதம் இது: கம்பெனி ஏர் ஃபில்டரும், வளைந்து நெளிந்த பிளாஸ்டிக் குழாயும் காற்றைத் தடுக்கின்றன. அந்தத் தடையை எடுத்துவிட்டால் அதிகக் காற்று, அதிக பவர். பொய் இல்லை. ஆனால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். முழு ஆக்ஸிலரேட்டரில் கம்பெனி இன்டேக் 3 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தடையை அடியோடு ஒழித்தாலும் (அது நடக்காது, புது ஃபில்டரும் கொஞ்சம் தடுக்கும்) உங்களுக்குக் கிடைப்பது 3 சதவிகிதம். 120 பி.எஸ் காரில் அது நாலு பி.எஸ்-கூட இல்லை. அதுவும் ரெட்லைன் பக்கத்தில், முழு மிதியில் மட்டும். டர்போ காரில் இன்னும் கம்மியாகத் தெரியும். ஏனென்றால், எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று இ.சி.யூ ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. தடை குறைந்தால் டர்போவுக்கு வேலை கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான்.

‘ரேம் ஏர்’ என்று ஒரு வார்த்தை போட்டு விற்பார்கள். கார் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று தானாகவே இன்ஜினுக்குள் திணிக்கப்படுமாம். 100 கி.மீ வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் அரை கிலோபாஸ்கலுக்கும் குறைவு. அதாவது, 0.4 சதவிகிதம். இதுக்கு பம்பரில் ஓட்டை போட வேண்டுமா, நீங்களே சொல்லுங்க!

வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் மூச்சு

இப்போது இன்னொரு பக்கம். காற்று சூடானால் அடர்த்தி குறையும். வெளியே 30 டிகிரி. பானெட்டுக்குள், இன்ஜின் பக்கத்தில், டிராஃபிக்கில் நிற்கும்போது 60 டிகிரியை எளிதாகத் தொடும். 30-ல் இருந்து 60-க்குப் போனால் காற்றின் அடர்த்தி 9 சதவிகிதம் குறைகிறது. வெறும் 20 டிகிரி ஏறினாலே 6 சதவிகிதம் போச்சு. குழாயை மாற்றி 3 சதவிகிதம் சம்பாதித்து, சூட்டில் 6 சதவிகிதத்தைத் தொலைத்தால் அது என்ன கணக்கு?

சூடான காற்று பவரை மட்டும் குறைப்பதில்லை. பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் தானாக வெடிக்கும் ‘நாக்கிங்’ அபாயமும் கூடும். அதைத் தவிர்க்க இ.சி.யூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். அங்கேயும் பவர் போகும். செங்கல்பட்டு பைபாஸ் டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு, ரோடு கிடைத்ததும் மிதித்தால் கார் மந்தமாக இருக்கிறதே என்று தோன்றுவதில் இதற்கும் பங்கு உண்டு.

“ஆனா ப்ரோ, டைனோ ஷீட்ல பத்து ஹெச்.பி ஏறியிருக்கே?” எனலாம். டைனோவில் காரை எப்படி நிறுத்துகிறார்கள் என்று பாருங்க. பானெட் திறந்திருக்கும், முன்னால் பெரிய ஃபேன் ஓடும். பானெட்டுக்குள் இருக்கும் திறந்த ஃபில்டருக்கு அதைவிட ஒரு சொர்க்கம் இல்லை. நீங்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கோவளம் வரை ஓட்டப்போவதில்லையே!

எத்தனை வகை இருக்கு?

கடைக்குப் போனால் நான்கு விதமாகக் காட்டுவார்கள். முதலாவது, பேனல் ஃபில்டர். கம்பெனி ஏர் பாக்ஸ் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் பேப்பர் ஃபில்டருக்குப் பதிலாக எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர். கலிஃபோர்னியாவின் கே அண்ட் என், இத்தாலியின் பி.எம்.சி, இங்கிலாந்தின் பைப்பர்கிராஸ் (இவர்களுடையது ஃபோம்) எல்லாம் இந்த வகையில் பிரபலம். கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். சில ஆயிரங்களில் முடியும். பவர் மாற்றத்தை உங்கள் முதுகு உணராது, ஆனால் கெடுதலும் குறைவு.

இரண்டாவது, ஷார்ட் ரேம். ஒரு குட்டைக் குழாய், நுனியில் கூம்பு வடிவ ஃபில்டர், பானெட்டுக்குள்ளேயே தொங்கும். அந்த ‘புஸ்ஸ்ஸ்’ சத்தத்தின் முக்கால்வாசி இதிலிருந்துதான் வருகிறது. கம்பெனி ஏர் பாக்ஸும் அதோடு சேர்ந்த ரெஸோனேட்டரும் அடக்கி வைத்திருந்த சத்தம் அது, புதிதாகப் பிறந்தது இல்லை. சூட்டுக் கணக்கில் மோசமாக மாட்டுவதும் இதுவே.

மூன்றாவது, கோல்டு ஏர் இன்டேக். நீளமான குழாய், ஃபில்டரை பம்பருக்குப் பின்னாலோ சக்கரத்துக்கு முன்னாலோ கொண்டுபோய் வைக்கும். குளிர்ந்த காற்று நிச்சயம். அதோடு வேறொன்றும் நிச்சயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காவது, மூடிய பாக்ஸ் இன்டேக். பெரிய ஃபில்டர், அதைச் சுற்றி முழுசாக மூடிய பெட்டி, கம்பெனி கொடுத்த அதே வாயிலிருந்து வெளிக்காற்றை எடுக்கும். பி.எம்.டபிள்யூ போன்ற கார்களுக்குக் கார்பன் ஃபைபரில் வரும் ஈவென்சுரி மாதிரியான கிட்கள் இந்த வழியில் யோசித்தவை. விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால், இன்டேக் மாற்றியே தீருவேன் என்று அடம்பிடித்தால் நான் கைகாட்டுவது இந்த வகையை.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லிவிடணும். சத்தம் பிடித்திருக்கிறது, அதுக்காகவே வாங்குகிறேன் என்றால் அது ஒரு நியாயமான காரணம்தான். பவருக்காக என்று நம்பிக்கொண்டு சத்தத்தை வாங்காதீங்க.

சதுரங்கப்பட்டினம் காற்று

1782 பிப்ரவரி 17-ம் தேதி இதே சதுரங்கப்பட்டினத்துக் கடலில் பிரெஞ்சுக் கப்பல் படையும் பிரிட்டிஷ் கப்பல் படையும் மோதிக்கொண்டன. பாய்மரக் கப்பல்கள். காற்று எந்தப் பக்கம் என்பதுதான் அந்தக் காலத்துச் சண்டையில் பாதி. இன்றைக்கு அதே காற்று உங்கள் ஃபில்டர் வழியாகப் போகிறது. அதில் என்னவெல்லாம் இருக்கிறது?

முதலில் ஈரம். 32 டிகிரி, 80 சதவிகித ஈரப்பதம் என்பது இந்தக் கடற்கரையில் சாதாரணம். அப்படிப்பட்ட காற்றில் கிட்டத்தட்ட 4 சதவிகிதம் நீராவி. அந்த இடத்தில் ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் இல்லை என்று அர்த்தம். ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போகும் 3 சதவிகிதத்தைவிட அதிகமாக, ஒரு புழுக்கமான நாள் சும்மாவே எடுத்துக்கொண்டு போய்விடும். இதுக்கு எந்தக் கம்பெனி கிட்டிலும் மருந்து இல்லை.

அடுத்து உப்பு. கேளம்பாக்கத்தில் ஆரம்பித்து தெற்கே செய்யூர், மரக்காணம் வரை உப்பளம் போடுகிற கடற்கரை இது. கடலோரத்தில் நிற்கும் காரின் பானெட்டைத் திறந்தால் போல்ட் தலைகளில் செம்பழுப்பு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. மலிவான கிட்களில் வரும் சாதா இரும்பு கிளாம்ப் ஒரு மழைக்காலம் தாண்டாது. துருப்பிடித்த கிளாம்ப் பிடியைவிட்டால், ஃபில்டருக்குப் பின்னால் இடைவெளி. அங்கிருந்து வடிகட்டாத காற்று நேராக இன்ஜினுக்குள். எனவே, வாங்கும்போதே எல்லா கிளாம்ப்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று காந்தத்தை வைத்தாவது பாருங்க (சில எஸ்.எஸ் வகைகளும் லேசாக ஒட்டும், ஆனால் பச்சக்கென்று பிடித்தால் சந்தேகப்படலாம்). குழாய் அலுமினியமா, வார்ப்பு பிளாஸ்டிக்கா என்றால் இங்கே நான் பிளாஸ்டிக் பக்கம். அலுமினியம் பளபளப்பாக இருக்கும், சூட்டையும் அதே வேகத்தில் உள்ளே கடத்தும்.

அப்புறம் தூசி. கடற்கரை மணல், சவுக்குத் தோப்பு ஓர மண், திருக்கழுக்குன்றம் ரோட்டில் முன்னால் போகும் ஜல்லி லாரி, எம்-சாண்ட் லாரி. மணல் என்பது சிலிக்கா. சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். அதிகக் காற்றை விடும் ஃபில்டர் அதிகத் தூசியையும் விடக்கூடும். அதனால், விளம்பரத்தில் ‘ஃப்ளோ’ எண்ணை மட்டும் பார்க்காமல், ஐ.எஸ்.ஓ 5011 முறைப்படி தூசி வடிகட்டும் சோதனை செய்ததாகக் கம்பெனி சொல்கிறதா என்று தேடுங்க. அந்த வரி எங்கேயுமே இல்லையென்றால், அந்த ஃபில்டரை ஷோகேஸில் வைக்கலாம்.

தண்ணீர்… இங்கேதான் இன்ஜின் போகும்

கோல்டு ஏர் இன்டேக் பற்றிப் பாக்கி வைத்திருந்தது இதுதான். கம்பெனி கார்களில் காற்று எடுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்க. பெரும்பாலும் முன் கிரில்லுக்கு மேலே, பானெட் விளிம்பை ஒட்டி. அந்த உயரம் காரணமில்லாமல் வந்ததில்லை. கோல்டு ஏர் இன்டேக் ஃபில்டரை அங்கிருந்து இறக்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து சுமார் ஒரு முழம் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. லோயரிங் ஸ்பிரிங்கும் போட்டிருந்தால் அதுவும் இல்லை.

நவம்பர், டிசம்பர் வடகிழக்குப் பருவமழையில் நம்ம ரோடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ரெண்டையும் பார்த்தவர்கள் நாம். சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாய், கொஞ்சம் தெற்கே வயலூரில் பாலாறு கடலில் கலக்கிற இடம். மழை வலுத்தால் தண்ணீர் வடிய நேரமாகும்.

ஃபில்டர் தண்ணீரில் மூழ்கினால் இன்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். ‘ஹைட்ரோலாக்’ என்பது இதுதான். ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பெட்ரோல் காரின் எரியறை, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதைவிடச் சின்னது.

தேங்கிய தண்ணீரில் கார் நின்றுவிட்டால், தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீங்க. பல இன்ஜின்கள் நின்றபோது தப்பித்து, மறுபடி கிராங்க் பண்ணும்போதுதான் சாகின்றன. தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், டோ வண்டி கூப்பிடுங்க. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே இன்ஜினைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ்? சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து கெட்ட இன்ஜினுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். ‘இன்ஜின் புரொடெக்‌ஷன்’ ஆட்-ஆன் தனியாக எடுத்திருக்கணும். எடுத்திருந்தாலும், கம்பெனி இன்டேக்கைக் கழற்றிவிட்டு வெளி மார்க்கெட் இன்டேக்கைத் தாழ்வாக மாட்டியிருப்பதை சர்வேயர் பார்த்தால் கேள்வி வரும். மாற்றியதை முன்கூட்டியே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

என் கருத்தைக் கேட்டால், இந்தக் கடற்கரையில் தினசரி ஓட்டும் காருக்கு பம்பருக்குள் இறங்கும் இன்டேக் வேண்டவே வேண்டாம்.

70-ம் 76-ம்

பல கார்களில் ஃபில்டருக்கு அடுத்து ‘மாஸ் ஏர் ஃப்ளோ’ சென்சார் இருக்கும். உள்ளே போகும் காற்றை அளந்து இ.சி.யூ-வுக்குச் சொல்வது இதன் வேலை. ஆனால், இது குழாயின் மொத்தக் காற்றையும் அளப்பதில்லை. ஒரு சின்னத் துளி சாம்பிளை அளந்து, ‘குழாய் இவ்வளவு அகலம், அப்போ மொத்தம் இவ்வளவு’ என்று கணக்குச் சொல்கிறது.

குழாய் அகலத்தை மாற்றினால்? கம்பெனி குழாய் 70 மி.மீ, புது கிட் 76 மி.மீ என்றால் ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பளவில் அது 18 சதவிகிதம் அதிகம். சென்சார் உண்மையைவிட 15 சதவிகிதம் குறைவாகக் காட்டும். இ.சி.யூ அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்கும். இன்ஜின் ‘லீன்’ ஆகும். ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து இ.சி.யூ ஓரளவு சரிசெய்யும், அதற்கும் ஒரு எல்லை உண்டு. எல்லை தாண்டினால் செக் இன்ஜின் லைட், பி0171 என்ற கோடு. ஆகவே, உங்கள் காரின் மாடல், வருடம், இன்ஜினுக்கென்றே செய்த, சென்சார் இடத்தின் அகலம் மாறாத கிட்டை மட்டும் வாங்குங்க. ‘யுனிவர்சல்’ என்று எழுதியிருந்தால் அப்படியே திரும்பக் கொடுத்துவிடுங்க. சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களில் இந்தத் தொல்லை குறைவு. உங்களுடையது எது என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளலாம்.

போலிகளும் நிறைய. பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் அடித்துப் பாருங்க. உங்கள் கார் அங்கே வரவில்லையென்றால், கடைக்காரர் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் அது உங்கள் காருக்கானது இல்லை.

போலீஸ் பிடிப்பாங்களா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்.சி-யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஏர் ஃபில்டர் ஆர்.சி-யில் வராது என்பது உண்மை. ஆனால், 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. சத்தமோ புகையோ விதியை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகலாம். பேனல் ஃபில்டருக்கு யாரும் உங்களை நிறுத்தப்போவதில்லை. கூம்பு ஃபில்டரோடு எக்ஸாஸ்டும் மாற்றி, ஊரை எழுப்பிக்கொண்டு போனால் நிறுத்துவார்கள்.

கலிஃபோர்னியாவில் இதுக்கு ஒரு தெளிவான வழி வைத்திருக்கிறார்கள். அங்கே இன்டேக் கம்பெனி அரசின் காற்று வள வாரியத்திடம் சோதனை செய்து ஒரு உத்தரவு எண் வாங்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் பானெட்டுக்குள் ஒட்டியிருந்தால் சட்டப்படி செல்லும். அந்த எண் உள்ள கிட்டை நீங்கள் இங்கே வாங்கினால் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது, ஆனால் புகை சோதனையில் தேறிய பொருள் என்ற நம்பிக்கையாவது கிடைக்கும். வாரன்டி இருக்கும் கார் என்றால் சர்வீஸ் சென்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்க.

மாட்டும்போது

இன்ஜின் முழுசாக ஆறியிருக்கணும். நிழலில் நிறுத்துங்க. 8, 10 மி.மீ சாக்கெட், ஸ்க்ரூ டிரைவர்கள், சில கார்களுக்கு டார்க்ஸ் பிட். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. ஒவ்வொரு ஹோஸையும் ஒயரையும் கழற்றும் முன் போனில் ஒரு படம். இந்தப் பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

சென்சார் கனெக்டரில் சின்ன லாக் இருக்கும், அதை அமுக்கி எடுங்க, ஒயரைப் பிடித்து இழுக்காதீங்க. சென்சாரின் உள்ளே இருக்கும் மெல்லிய பாகத்தில் விரலோ துணியோ படக் கூடாது. காற்று போகும் திசை அம்புக்குறியாக மேலே இருக்கும், திருப்பி மாட்டிவிட்டால் கார் குழம்பிவிடும்.

ஏர் பாக்ஸ் வெளியே வந்ததும் முதல் வேலை, திறந்திருக்கும் வாயில் சுத்தமான துணியை அடைப்பது. டர்போ கார் என்றால் இது உயிர் பிரச்னை. டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்து, அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் கதை முடிந்தது. வேலை முடிந்து எண்ணிப் பார்க்கும்போது ஒரு நட் குறைந்தால், அது கிடைக்கும்வரை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. அதேபோல், அடைத்த துணியை எடுக்கவும் மறக்கக் கூடாது!

புதுக் குழாயை எல்லா கிளாம்ப்பும் லூஸாக இருக்கும்போதே பொருத்தி, எங்கேயும் உரசவில்லையா, ரேடியேட்டர் ஃபேனிலிருந்து விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்க. சிலிக்கான் ஹோஸ் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் அது கிழியும். இன்ஜினின் பிரீதர் ஹோஸை அதற்கான இடத்தில் கட்டாயம் மாட்டணும். சிலர் அதை வெளியே தொங்கவிட்டு, குட்டி ஃபில்டர் மாட்டிவிடுவார்கள். அழகாக இருக்கும், ஆயில் புகை கேபினுக்குள் வரும், புகை விதியும் மீறியதாகும்.

ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலில் விடுங்க. ‘ஸ்ஸ்’ என்று எங்கேயாவது கசிவுச் சத்தம் கேட்கிறதா? ஆர்.பி.எம் ஏறி இறங்குகிறதா? கசிவைத் தேட சூடான இன்ஜின் மேல் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடிக்கும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருப்பீங்க. தீப்பிடிக்கும், வேண்டாம். வொர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்க.

ஏறுச்சா, இறங்குச்சா?

ப்ளூடூத் ஓ.பி.டி டாங்கிள் ஒன்று வாங்கினால் போனிலேயே பார்க்கலாம். இதை இன்டேக் மாற்றுவதற்கு முன்பே வாங்குவது புத்திசாலித்தனம். பழைய ஏர் பாக்ஸோடு ஒரே ரூட்டில், ஒரே நேரத்தில் ரெண்டு நாள் ஓட்டி, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்க. வெளி வெப்பத்தைவிட எத்தனை டிகிரி அதிகம் என்பதே முக்கியம். கிட் மாட்டிய பிறகு அதே மாதிரி ரெண்டு நாள். அந்த வித்தியாசம் கூடியிருந்தால் நீங்கள் காசு கொடுத்து ஹீட்டர் வாங்கியிருக்கீங்க. டர்போ கார்களில் பல நேரம் இந்த சென்சார் இன்டர்கூலருக்குப் பிறகு இருக்கும், அங்கே வித்தியாசம் மங்கலாகத் தெரியும். கூடவே ‘லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம்’ எண்ணையும் பாருங்க. பிளஸ் 10 சதவிகிதத்துக்கு மேல் போய் அங்கேயே நின்றால் கசிவோ, குழாய் அகலத் தகராறோ இருக்கிறது.

முழு வேகத்தில் சோதிக்க ஆசைப்பட்டால் ஈ.சி.ஆர் அதற்கான இடமில்லை. நாய், மாடு, எதிர்த்திசையில் வரும் பைக், கடற்கரைக்குக் குழந்தைகளோடு ரோடு கடக்கும் குடும்பம் எல்லாம் அங்கே உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கி.மீ ரேஸ் டிராக் இருக்கிறது. சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடந்துகொண்டிருந்த பந்தயங்களுக்குப் பிறகு, 1990 முதல் ஓடிக்கொண்டிருக்கும் டிராக் அது. டிராக் டே அறிவிப்பு வரும்போது பணம் கட்டிப் போய் மிதிக்கலாம். அங்கே ஒரு நாள் ஓட்டினால், இன்டேக் காசுக்கு நல்ல டயர் வாங்கியிருக்கலாமோ என்று பலருக்குத் தோன்றும். எனக்கும் அதே எண்ணம்தான்.

மாட்டி 100 கி.மீ ஓடிய பிறகு எல்லா கிளாம்ப்பையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்க. கே அண்ட் என் போன்ற கம்பெனிகள் 80,000 கி.மீ வரை கழுவத் தேவையில்லை என்று சொல்வது அமெரிக்க ஹைவேக்கு. இங்கே 5,000 கி.மீ-க்கு ஒரு தடவை திறந்து பார்க்கணும். கழுவினால் நிழலில், தானாகக் காயட்டும். கடலோர ஈரத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஆகலாம், அவசரப்பட்டு கம்ப்ரஸர் காற்றை அடித்தால் பஞ்சு கிழியும். எண்ணெயைச் சொட்டச் சொட்ட ஊற்றினால் அது பறந்துபோய் சென்சாரில் ஒட்டும். கழற்றிய கம்பெனி ஏர் பாக்ஸை, அதன் ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு அதோடயே கட்டி, பரணில் ஏற்றி வையுங்க. அக்டோபர் கடைசியில் முதல் மழை மேகம் வரும்போது அதை இறக்கி மறுபடி மாட்டிக்கொள்ளலாம், பொங்கலுக்கு அப்புறம் உங்கள் ‘புஸ்ஸ்ஸ்’ திரும்ப வரட்டும்.